வெள்ளைச் சாலையும் ஒரு வெற்றுக் கையெழுத்தும்

பொஜ்ஜாரெல்லோ,
நவம்பர் 9

அன்புள்ள நேவியோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை மீர்த்தாவும் இங்கே சுகம், மீர்த்தாவுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை, வெயில் காலத்தில் சாலைப் புழுதி, இப்போது ஈரம். நீயும் சுகம் என்று போனில் சொல்வதை நான் நம்புவதில்லை, மூக்கடைப்போடு பேசிவிட்டு லைன் சரியில்லை என்கிறாய். ஹாலிஃபாக்ஸ் குளிருக்கு அந்த ஒற்றை ஜாக்கெட் போதாது, படகுப் பட்டறையில் ஈரக் கையோடு கதவு திறந்த இடத்தில் நிற்காதே. உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேலாகிறது, பதில் இவ்வளவு தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், நடுவில் கோபித்துக்கொண்டு மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி.

பதினொரு நாளாக மழை, நம் களிமண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது வளைவுக்குக் கீழே சரளையெல்லாம் ஓடைக்குள் போய்விட்டது, கார் முற்றத்திலேயே நிற்கிறது, மீர்த்தா பள்ளிக்கூடம் போய் ஒரு வாரமாகிறது. நீ வரைந்த சைக்கிள் சுற்றுப்பாதையில் வந்த இரண்டு ஜெர்மன்காரர்கள் சக்கரமும் சட்டமும் களிமண்ணில் ஒன்றாகிப் போய் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள், ஒருவருக்கு ஒரு கால் ஷூவே இல்லை. நாலு நாள் இங்கேயே அடைந்து கிடந்து பீன்ஸ் சூப்பை அண்டாவோடு காலி செய்தார்கள். "மேடம், இந்த ரூட்டைப் போட்டது உங்க பையனாமே, நல்லா மாட்டிவிட்டான்"னு அந்த ஷூ இல்லாதவர் சிரித்தார். மழை பெய்தால் வராதீர்கள் என்று மூன்று மொழியில் அவன் எழுதித்தானே வைத்திருக்கிறான் என்றேன். "எழுதினா மட்டும் நாங்க கேட்டுருவோமா"ங்கிறார். அவர்களும் போன பிறகு வீடு என்மேல் இறங்குவது போல இருக்கிறது. அப்பா லாரியோடு லிவோர்னோ துறைமுகத்திலேயே இருக்கிறார், பத்து நாளுக்கு ஒரு முறைதான் வருகிறார். ஜன்னலுக்கு ஜன்னல் நடக்கிறேன், எந்த ஜன்னலில் பார்த்தாலும் அதே சாலை.

பிப்ரவரியில் லேதாவுக்குக் குழந்தை பிறந்ததைப் போனில் உனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். பக்கத்துப் பண்ணை சிரியோ, பெண்டாட்டியை டிராக்டர் பெட்டியில் மெத்தை போட்டுக் கூட்டிப்போனதும், "பள்ளம் பாத்து ஓட்டுடா பாவி, நான் என்ன உன் உருளைக்கிழங்கு மூட்டையா"ன்னு அவள் கத்தினதும். அவ்வளவுதான் சொன்னேன். நானும் பெட்டியில் லேதாவோடு இருந்தேன், ஆம்புலன்ஸ் வளைவுக்குக் கீழே அச்சுவரை புதைந்து நின்றது, நாங்கள் போய்ச் சேருவதற்குள் குழந்தை என் கையில் வந்துவிட்டது, கழுத்தில் கொடி சுற்றி நீலமாக இருந்தது. நர்ஸ் சேற்றில் ஓடிவந்து கொடியை எடுத்துத் தட்டித் தட்டி அது அழுவதற்குள் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. இன்றைக்கு அந்தக் குழந்தை ஜெலிந்தா கொழுகொழுவென்று இருக்கிறாள். ஆனால் சிரியோ அன்றைக்கே ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான், "சைக்கிள்காரன் ரசிக்கிறதுக்கு ஒரு ரோடு, என் பொண்டாட்டி சாகிறதுக்கும் அதே ரோடா, ஓர்னெல்லா?"

உன் கடிதத்தில் நீ எழுதியதை மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். கல்லறையிலிருந்து நம் வீடு வரை கடைசி நாலு கிலோமீட்டர் ஏற்றம் தார் படாமல் வெள்ளைச் சரளையாகவே இருந்தால் மார்ச்சில் வந்துவிடுவேன், அப்பாவின் பழைய வேனில் சைக்கிள்களை ஏற்றி நானே ஆட்களைக் கூட்டிப்போவேன், அந்த ஏற்றத்துக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள், தார் போட்டுவிட்டால் ஐம்பத்து நாலு கிலோமீட்டர் சுற்றையும் சீண்ட ஆள் இருக்காது என்று எழுதியிருந்தாய். உண்மைதான். பதினாலு வயதில் அந்தச் சுற்றை நீ காகிதத்தில் வரைந்துகொண்டு வந்த நாள் எனக்கு மறக்குமா. பட்டறையில் நிரந்தர வேலை தருகிறார்கள், நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், தார் போடுவதா என்று சாலைச் சங்கக் கூட்டத்தில் என்ன முடிவு, உடனே சொல் என்றும் கேட்டிருந்தாய். போனில் மூன்று முறை கேட்டாய். மழையால் கூட்டம் தள்ளிப்போயிற்று என்றேன்.

பொய் நேவியோ. கூட்டம் அக்டோபர் பத்தொன்பதாம் தேதியே நடந்துவிட்டது. தார்தான். பஞ்சாயத்து வசந்த காலத்தில் வேலையை ஆரம்பிக்கிறது.

நம் சாலைச் சங்கத்தில் ஓட்டு ஆளுக்கு ஒன்று இல்லை, யார் நிலம் எத்தனை மீட்டர் சாலையைத் தொடுகிறதோ அத்தனை. நம் வீட்டை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம், நாம் விழுகிற பக்கம்தான் ஜெயிக்கும், நிலம் என் பெயரில் இருப்பதால் அது நான்தான். அன்றைக்கும் சேறு, மீர்த்தாவுக்குக் காய்ச்சல். டிராக்டர் வைத்திருக்கிற சிரியோதான் வழக்கம்போல, கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்குப் பதிலாக ஓட்டுப் போட அவர்களுடைய அதிகாரத் தாளை வாங்கிப்போக வந்தான். எந்தப் பக்கம் என்று எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பதுதானே இங்கே முறை, எழுதினால் உன்மேல் நம்பிக்கையில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது போல. இந்த முறை அவன் தாளை உடனே நீட்டாமல் வாசலில் நின்றான். "உன் மகன் வரப்போறானாமே. நீயே சொல்லு, எதுன்னு எழுதட்டும்?" என்றான். வழக்கம்போல நீயே பார்த்துக்கொள் என்று கையெழுத்துப் போட்டேன். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றான். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அவன் எதற்குப் போடுவான் என்று எனக்குத் தெரியாதா. ஜெலிந்தாவின் நீல முகம் ஒரு காரணம், அதை நீயும் ஒப்புக்கொள்வாய். இன்னொன்றைத்தான் மூன்று வாரமாக எழுத முடியவில்லை. பதினெட்டு வயதில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இந்தக் குன்றுக்கு வந்தேன். பஸ்ஸில் போய்ப் படித்துப் பட்டம் வாங்கினேன், பட்டத்தை வாங்கிக்கொண்டும் இங்கேயே திரும்பி வந்தேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, எல்லோரும் பிரியமாகத்தான் இருந்தார்கள், அந்தப் பிரியத்தை மீறித்தான் கிளம்ப முடியவில்லை. ஜூலையில் போனில் நான் அழுதேன், அடுத்த வாரமே நீ வருகிறேன் என்றாய். அதற்கு முன்னால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நீ வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவுக்குப் பயம், நீயும் என்னைப் போல இங்கேயே நின்றுவிடுவாயோ என்று. இதை உன்னிடமே நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சிரியோ கையில் தாளைக் கொடுத்து, அவன் போட்டுவிட்டான் நான் என்ன செய்வேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சந்து வைத்துக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னபோது, "அவனுக்கும் சேத்து நீயே முடிவு பண்ணிட்ட, அதை அவன் முகத்தைப் பாத்துச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரல"ன்னு சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது சரி.

கூட்ட முடிவை எதிர்த்து மனுக் கொடுக்க முப்பது நாள் உண்டு. பதினெட்டாம் தேதியோடு முடிகிறது. என் கையெழுத்துத் தாளை நிரப்பியது நான் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் திரும்ப ஓட்டு எடுப்பார்கள். கொடுக்கப்போவதில்லை. போனில் சொன்னால் நீ பேசியே என்னைக் கொடுக்க வைத்துவிடுவாய், அதனால்தான் தபால். நாளைக்கு டிராக்டரில் ஏறிப் போய்ப் பெட்டியில் போடுகிறேன், இது உன் கைக்குக் கிடைக்கும்போது அந்த நாள் தாண்டியிருக்கும், உன் பட்டறைக்குப் பதில் சொல்ல மட்டும் நாலைந்து நாள் மிச்சமிருக்கும். கணக்குப் பார்த்துத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். வேலையை எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. வருவதானால் தார் ரோட்டுக்கு வா, என் அழுகைக்காக வராதே. கோபமாக இருந்தால் கோபத்தோடேயே எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ எந்த ஊரில் இருந்தாலும் கால் தரையில் ஊன்றி, வயிறு நிறைந்து, நல்ல மனிதர்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். பிரேக் கட்டையை மாற்று, பனியில் சைக்கிளில் வேலைக்குப் போகாதே, பஸ் இருக்கிறது. மீர்த்தா உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், சைக்கிளா ஆடா என்று தெரியவில்லை, சைக்கிள் என்றே சொல்லிவிடு.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும்
அம்மா
ஓர்னெல்லா