கேட்டு வரச் சொன்னார்

ஆடி 12, திங்கள்

இவருக்கு மாரடைப்பு வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று பரிசோதனை முடிந்ததும் என்னை ஓரமாக இழுத்தார். "நாம மறுபடி சேர்ந்து இருக்கலாமான்னு நீயே டாக்டர்கிட்ட கேட்டுட்டு வா. எனக்குக் கூச்சமா இருக்கு."

உள்ளே போய்க் கேட்டேன்.

"ரெண்டு மாடி மூச்சு வாங்காம ஏறுறாரா? அப்ப தாராளமா இருக்கலாம்மா" என்றார் டாக்டர். போன வாரம் மலைக்கோட்டையே ஏறி இறங்கிய மனுஷன்.

வெளியே வந்து, "இனிமே கூடவே கூடாதுன்னுட்டாருங்க" என்றேன்.

ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலம் தாண்டியது. அவர் மெதுவாக, "உனக்குக் கஷ்டமா இருக்குமே?" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட என் இஷ்டத்தைக் கேட்காதவர்.

"பழகிக்கிறேங்க" என்றேன். அவர் கண் கலங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.