கண்ணாடிப் பெட்டிக்குள் நம் வீட்டுப் பெண்கள்

காக்கா,

இன்று மதியம் ஷார்ஜாவில் உங்கள் நினைவுக் கூட்டம். மண்டபத்துக்குள் நுழைந்ததுமே புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாடை. எட்டிப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெற்றிலைச் செல்லம். 'கவிஞரின் தாயார் கைப்பட்டது' என்று அட்டை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான் உங்கள் தங்கை. ஆனாலும் பொய்யைப் படிக்க அவ்வளவு படிப்பு வேண்டாம்.

நம் உம்மா வெற்றிலை போட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி மென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தச் செல்லம் ரியாத்தில், பத்தா கடைத்தெருவில் நீங்கள் பொறுக்கி எடுத்தது. அப்போது நான் அங்கே குடித்தனம்; என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். கூட வந்தவளே நான்தான். இதே மாதிரி இன்னொன்றை, உம்மாவுடையது என்று சொல்லி மஸ்கட் தமிழ்ச் சங்கத்துக்கும் கொடுத்தீர்கள்.

"எதுக்கு காக்கா இந்தப் பொய்?"

"பாட்டக் கேட்ட சனத்துக்குத் தொட்டுப் பாக்க ஒண்ணு வேணும் புள்ள."

உம்மா ஊரில் கண் தெரியாமல் கட்டிலில் கிடந்து, உங்கள் கையைத் தொட ஏங்கிய வருடம் அது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினீர்கள். சொந்தக் கடை வைத்திருந்தவருக்கு யார் லீவு தர வேண்டும்?

செல்லத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கண்ணாடி வளையல்கள். 'கவிஞரின் துணைவியார் அணிந்தவை'. அந்தத் துணைவியார், என் மைனி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சலாலாவில் கடையை நீங்கள் கோட்டை விட்ட பிறகு, தையல் மிஷினை மிதித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவள். துணியில் மாட்டும் என்று கையில் எதுவும் போடமாட்டாள். உங்கள் பாட்டில் மட்டும் வளையல் குலுங்கக் குலுங்கக் கடற்கரையில் உங்களுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"பெரியம்மா, ஒரு போட்டோவுக்கு மட்டும் போட்டுக்குங்க" என்று சங்கச் செயலாளர் வளையலை எடுத்து வந்தார். விரல் முட்டியைத் தாண்டவில்லை. "யாராச்சும் சோப்பு கொண்டாங்க, யல்லா, சீக்கிரம்!" என்றார். உங்கள் பேத்தி படமெடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தாள். மைக் என் பக்கம் வந்தது. "கவிஞரோட தங்கச்சி நீங்க சொல்லுங்க, இவங்க வளையல்தானே இது?"

மைனி என் காதோரம் குனிந்தாள். "ஆமான்னு சொல்லிராத புள்ள. நான் போனப்புறம் பேத்தி இந்தப் பாட்டுல வர்றவளத்தான் நான்னு நெனச்சுக்கிட்டு இருப்பா."

யாரிடமும் எதுவும் கேட்டறியாதவள் காக்கா அவள்.

"இது கடை வளையல்" என்றேன் மைக்கில். "மைனி கையில ஏறுனதே இல்ல. எங்க காக்கா பொண்டாட்டி கைய ஒருநா பாத்திருந்தா, அளவாச்சும் சரியா வாங்கியிருப்பாரு."

கூட்டம் சிரித்தது. செயலாளர் முகம் சுண்டிப்போனது. "அப்ப பெட்டியில வைக்க அவங்க தையல் கத்திரியாச்சும் குடுங்க."

"அதக் குடுத்துட்டு நாளைக்கு நான் எத வச்சு வெட்ட?" என்றாள் மைனி.

பேத்தி போனை இறக்கினாள். "இன்னும் தைக்கிறீங்களா?" என்று திக்கித் திக்கித் தமிழில் கேட்டு, மைனிக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து தொழுதேன். உங்களுக்காகத் துஆவும் கேட்டேன், தினமும் கேட்கிறேன். ஆனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று அல்லாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கோபத்தை நானே வைத்துக்கொள்கிறேன். பொய் சொல்ல நம் வீட்டில் நீங்கள் ஒருவரே போதும்.