சட்டைப்பையில் ஒரு மறுப்புக் கடிதம்

1873, மே 6, செவ்வாய்

நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று காலை முடிவுக்கு வந்தேன்: தாடியை எடுக்கப்போவதில்லை. ஒஹாயோ மாநிலத்தின் எதிர்காலம் இதில் அடங்கியிருக்கிறது. உள்நாட்டுப் போரில் எனக்குக் கீழே நின்ற படை முழுவதும் இந்தத் தாடியைத்தான் அறியும். அவர்களுக்கெல்லாம் இப்போது ஓட்டு இருக்கிறது. மனைவி ட்ரூசில்லாவிடம் அறிவித்தேன்.

“சூப்புல முக்காம இருந்தா சரி” என்றாள்.

இப்படிப் பேச இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

மே 9

கவர்னர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாடு 21ஆம் தேதி, கொலம்பஸில். நான் போகமாட்டேன். பதவியை விரும்புகிறவன் அங்கே தலைகாட்டக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து, பதவி வேண்டாம் என்று கடிதம் எழுத வேண்டும். நண்பன் அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பான். கூட்டம் நம் பெயரைக் கூவி ஓய்ந்தபின் எடுத்து வாசிப்பான். “கூடாது, கூடாது!” என்று எல்லோரும் எழுவார்கள். நாமும் மக்கள் விருப்பத்துக்குப் பணிவோம். கண்ணியவான்கள் எல்லோரும் இப்படித்தான் பதவிக்கு வந்தார்கள்.

நான்கு முறை திருத்தி எழுதினேன். மூன்றாம் பிரதியில் நானே அழுதுவிட்டேன். கர்னல் டார்பெல்லிடம் கொடுத்திருக்கிறேன். போரில் அவர்தான் என் வலது கை.

மே 14

நேற்று ஓட்டல் ஜன்னல் வழியே பார்த்தேன். என் வலது கை, என் போட்டியாளரான நீதிபதி ஸ்ட்ராங்கோடு ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு முள்கரண்டி, ஒரு தட்டு.

இன்று வந்தார்.

“என்ன கர்னல், எதிரியோட ஒரே தட்டுலயா?”

“ஒரே துண்டுதான் மிச்சம் இருந்துச்சு ஜெனரல். என்ன பேசினேன்னு மட்டும் இப்பக் கேக்காதீங்க. உங்களுக்குத் தெரியலேன்னாதான் நீங்க மனசாரப் பதவி வேண்டாம்னு சொல்ல முடியும்.”

வாசல்வரை போய்த் திரும்பினார். “ஆமா, நம்ம வயசுல ஒருத்தர் கோவேறு கழுதை மேல ஒன்பது நாள் போக முடியுமா?”

எதற்குக் கேட்டார்? வேண்டாதவர்களைத் தூதராக்கிக் கழுதை மேல் அனுப்புவதற்கென்றே சில நாடுகள் உண்டு. எனக்குத் தெரியாதா?

மே 17

ட்ரூசில்லா உலகப்படப் புத்தகத்தில் தென் அமெரிக்கப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சும்மாதான்” என்றாள். தென் அமெரிக்காவை யாராவது சும்மா பார்ப்பார்களா?

மே 20

எல்லாம் விளங்கிவிட்டது. டார்பெல் விலைபோய்விட்டார். நாளை என் பெயர் ஒலிக்கும். கடிதம் பையைவிட்டு வெளியே வராது. மறுக்காமல் பல்லைக் காட்டுகிறான், பதவிப் பேய் என்று ஸ்ட்ராங்கின் ஆட்கள் சிரிப்பார்கள். விடுவேனா? கடிதம் முழுவதையும் மாநாட்டுத் தலைவருக்குத் தந்தியாக அனுப்பினேன். உடனே வாசிக்கவும் என்று சேர்த்தேன்.

“‘ஒருபோதும் ஏற்கேன்’னு மூணு தடவ வருதே ஐயா, ஒண்ணு போதாதா?” என்றான் தந்திக்காரன்.

மூன்றும் போகட்டும் என்றேன். அவனும் ஸ்ட்ராங்கின் ஆளாக இருக்கலாம்.

மே 21

வாழ்த்த வரும் ஊர்வலத்துக்காகப் புதுக் கோட்டோடு வாசலில் காத்திருந்தேன். ஏற்பாடு செய்திருந்த பேண்டுக்காரர்கள் நாலு மணிவரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மே 22

டார்பெல் வந்தார். உட்காரவில்லை.

“கூட்டம் தொடங்கினதுமே தலைவர் உங்க தந்தியை வாசிச்சுட்டார். அப்ப யாரும் உங்க பேரையே சொல்லல ஜெனரல். பாதிப் பேர் அழுதுட்டாங்க. இப்படியும் ஒரு மனுஷனான்னு மூணு தடவ ஜே போட்டாங்க. அப்புறம் ஸ்ட்ராங்கைத் தேர்ந்தெடுத்துட்டாங்க.”

“அன்னிக்கு ஓட்டல்ல அந்த ஆப்பிள் பை...?”

“அன்னிக்குத்தான் அவர் விலகறேன்னு ஒத்துக்கிட்டார். உங்க பேரை அவரே முன்மொழியறதா இருந்துச்சு. பதிலுக்கு வாஷிங்டன்ல சொல்லி அவருக்குப் பொலிவியா தூதர் வேலை வாங்கி வச்சிருந்தேன். என் சம்சாரம் உங்க வீட்டம்மாகிட்டகூடச் சொல்லியிருந்தாளே!”

சட்டைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்புக் கலையவில்லை.

என்கிட்ட மட்டும் ஏன்டீ ஒருத்தரும் சொல்லல என்று ட்ரூசில்லாவைக் கேட்டேன்.

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

ஜூன் 30

என் பெயருக்கு நியமன உத்தரவு தபாலில் வந்தது. பொலிவியாவில் இடம் காலியாகவே இருந்ததாம்.

கப்பல் ஜூலை 12ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து புறப்படுகிறது. கரையிறங்கும் இடத்திலிருந்து லா பாஸுக்குக் கோவேறு கழுதையில் ஒன்பது நாள்.