ஒண்ணும் பண்ணாது

ஜூன் 4

குட்டியின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இங்கே நலமில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சமாதானம் பேச வந்த அன்று, கூடவே கூட்டிவந்த உங்கள் கிடங்குக் காவல் நாய் குதறிப் போட்ட குட்டி பிழைத்துக்கொண்டான். கழுத்துத் தையலும் பிரித்தாகிவிட்டது. ஆனால் கட்டிலுக்கு அடியில் போனவன் வெளியே வருவேனா என்கிறான். பதிமூன்று வயதுக் கிழட்டு நாய், பெயர்தான் குட்டி. தட்டை உள்ளே தள்ளினால்தான் சாப்பாடு, மூத்திரமும் அங்கேயே. தெருவில் பைக் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான்.

"அது ஒண்ணும் பண்ணாது, நீ கேட்டைத் திற" என்றீர்கள். திறந்தேன்.

"அவசரப்படுத்தாதீங்கம்மா, அவனா வரட்டும்" என்கிறார் கால்நடை டாக்டர். ஆய்வுக்கூடத்தில் தினமும் யார் யார் ரத்தத்தையோ எடுக்கிறவள் நான். அன்று இவன் ரத்தத்தைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை.

குட்டியின் அம்மா

ஜூன் 11

குட்டியின் அம்மாவுக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. காவலுக்கு நிற்கிற நாய்தான் என்றாலும் சூரன் இங்கே பூனை மாதிரி காலடியில் கிடப்பான். அன்றைக்கு அவனுக்கு என்ன கேடு வந்ததோ. பெல்ட்டைக் கழற்றி நாலு சாத்து சாத்தினேன், இப்போது அடங்கிக் கிடக்கிறான்.

குட்டியை ரொம்பக் கொஞ்சிக் கெடுக்காதே. பிடித்து இழுத்து வாசலில் விடு, தானாகச் சரியாகிவிடுவான்.

எனக்கும் இந்தக் கிடங்கு அறையில் தனியாகப் பொங்கித் தின்று வெறுத்துப்போச்சு. பழசையே எத்தனை நாளைக்குப் பிடித்துக்கொண்டிருப்பாய்? கோபம் வந்தால் கத்துவேன், மனசில் ஒன்றும் கிடையாது, உனக்குத் தெரியாததா? வீட்டுக்கே வந்துவிடலாம் என்றிருக்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

என்றும் உன்,
குட்டியின் அப்பா

ஜூலை 2

குட்டியின் அப்பாவுக்கு,

இழுத்து விடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தேன். விலைவாசிப் பக்கம் வரை பொறுமையாகக் கேட்டான். மறுநாள் மூக்கு வெளியே வந்தது. அப்புறம் ஒரு கால். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, நாய்க்குப் பாடம் எடுக்குறியா?" என்று சிரித்தார். இந்த வாரம் வாசற்படி வரை வந்துவிட்டான். வெயில் முதுகில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் கேட்டதை மறக்கவில்லை. தனியாக இருந்து எனக்கும் அலுத்துத்தான் போயிருக்கிறது. அவன் கேட் வரை வரட்டும், அன்றைக்குச் சொல்கிறேன். நீங்கள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். நாளைக்கே நீங்கள் வந்து நின்றால் அவன் மிரளக் கூடாது. வீட்டு ஆளின் வாசனை மறுபடி பழகட்டும் என்று டாக்டர் சொன்னார்.

குட்டியின் அம்மா

ஜூலை 9

குட்டியின் அம்மாவுக்கு,

சட்டை அனுப்பியிருக்கிறேன். நேற்று வரை உடம்பில் கிடந்தது. இதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் கிடங்கைச் சுற்றி வருவேன். "அழுக்குச் சட்டைய ஆசையா கேக்குற பொண்டாட்டி, கொடுத்து வச்ச ஆளுய்யா நீ" என்று இங்கே மூட்டை ஏற்றுகிறவர்கள் ஒரே கேலி.

மாதக் கடைசியில் மூட்டை முடிச்சோடு கிளம்புகிறேன். சூரனுக்கும் கிடங்குக்கும் ஒரே கும்பிடு. இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

என்றும் உன்,
குட்டியின் அப்பா

ஜூலை 20

வணக்கம்.

சட்டையை வாசற்படியில் விரித்தேன். குட்டி வாலை ஆட்டிக்கொண்டே வந்தான். முகர்ந்தான். நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான். மறுபடியும் கட்டிலுக்கு அடியில். சமாதானப்படுத்தக் கையை நீட்டினேன், கடித்துவிட்டான். என்னைக் கடிப்பது இதுதான் முதல் தடவை. கடித்துவிட்டு அவன்தான் நடுங்கினான்.

பிறகுதான் சட்டையைப் பார்த்தேன். சட்டைக் கை முழுக்கச் சூரனின் முடி. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். அதைப் போட்டுக்கொண்டு யாரோடு சுற்றுகிறோம் என்ற நினைப்பே உங்களுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் தெருவில் ஒரு பைக் வந்தது, உங்களுடையது மாதிரியே சத்தம். குட்டி சுவரோடு ஒட்டினான். பைக் போன பிறகு பார்க்கிறேன், நானும் கட்டிலுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் அவன் சாப்பாட்டுத் தட்டோடு. சூரன் என்னைக் கடிக்கவில்லையே, நான் எதற்கு ஒளிந்தேன்?

நீங்கள் கை ஓங்கும்போதெல்லாம் நம் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று உறுமியவன் இவன்தான். "ஒண்ணும் பண்ண மாட்டேன்டா, போடா" என்பீர்கள். அவன் ஒரு தடவைகூட நம்பியதில்லை, நான்தான் ஒவ்வொரு தடவையும் நம்பினேன்.

சட்டையைத் துவைத்துத் தேய்த்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மறுபடியும் தரையில் படுத்துச் செய்தித்தாள் வாசிக்கிறேன். இன்று மூக்கு மட்டும் தெரிந்தது. கேட் வரை வரும் அளவுக்கு அவனுக்கு ஆயுசு இருக்குமா என்று தெரியவில்லை.

மாதக் கடைசியில் வர வேண்டாம். எப்போதும் வர வேண்டாம். கேட்டை நான் திறக்க மாட்டேன்.

குட்டியின் அம்மா