சேர்வராயன் கோயிலில் எனக்கு வந்த சாமி

வெள்ளக்கடை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இலக்கியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். துபாயில் நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. இளைப்புக்குத் தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலரை, விலை அதிகம் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் இழுப்பதாகப் போன வாரம் போனில் வாய்தவறிச் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

போன மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் எனக்குச் சாமி வந்ததாக ஊரே பேசியது உனக்கும் எட்டியிருக்கும். குகைக்குள் குனிந்து கும்பிட்டு நிமிர்ந்தேன், தலை சுற்றி ஆடினேன், அவ்வளவுதான், நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார்கள். ஓர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க சாமி, எம் பையனுக்கு எப்பங்க கண்ணாலம் ஆகும்?" என்று கேட்டார். தண்ணீர் வேண்டும் என்றேன். அதில் என்ன அருள்வாக்கைக் கண்டாரோ, கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் நர்ஸ் புஷ்பலதா வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தபோதுதான் வந்த சாமி யார் என்று தெரிந்தது. நீ பணம் அனுப்புகிற பிரஷர் மாத்திரையை, கடையில் வாங்கும் கம்பெனி மாத்திரையை, ஏழு மாதமாகப் பாதி பாதியாக உடைத்துத்தான் போட்டு வந்தேன். உனக்கு மிச்சம் பிடிப்பதாக நினைப்பு. "நொம்பத்தான் மிச்சம் புடிச்சீங்க, எம் பொட்டு போயிருக்கும்" என்றாள் உன் அம்மா. அதோடு இரண்டு நாள் பேச்சு இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதே மாத்திரையைச் சும்மா தருகிறார்கள். சும்மா வருவதில் என்ன சத்து இருக்கும் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. புஷ்பலதா இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து, மருந்தின் பெயரும் அளவும் ஒன்றுதான் என்று விரல் வைத்துக் காட்டினார். முப்பது வருஷம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவனுக்கு அதைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை பார். இப்போது தினமும் முழு மாத்திரை, பிரஷர் இறங்கிவிட்டது.

அதனால் கண்ணு, இனி என் மாத்திரைக்குப் பணம் அனுப்பாதே. நீ அனுப்பிய டாக்டர் சீட்டைக் காட்டிச் சேலத்தில் உன் இன்ஹேலர் மூன்று வாங்கிவிட்டேன், துபாயில் விற்கும் விலையில் பாதிகூட இல்லை. பக்கத்து வீட்டு விஜயகுமார் வியாழக்கிழமை துபாய் வரும்போது கொண்டுவருவான், கூடவே அம்மா மிளகும் காப்பித்தூளும் கட்டியிருக்கிறாள். இன்ஹேலரின் முதுகில், மீதி எத்தனை என்று ஓர் எண் தெரியும். எஸ்டேட்டில் தினமும் காலையில் ஆள் எண்ணிப் பேர் போட்டவன் நான், என்னை ஏமாற்ற முடியாது. ஞாயிறுதோறும் வீடியோவில் அந்த எண்ணைக் காட்டு, நான் காலி அட்டையைக் காட்டுகிறேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே நலம் என்று சொல்வதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை சாமி.

சேர்வராயன் உன் மூச்சுக்குக் காவல் இருக்கட்டும். வியாழக்கிழமை ஞாபகம் இருக்கட்டும்.

இன்று காலை முழு மாத்திரை போட்டுக்கொண்ட
உன் அப்பா,
ஐயாக்கண்ணு