காணாமல் போன ஃபைலும் நூற்று இருபத்தாறு யூனிஃபார்மும்

என் அன்பு வாலு,

நானும் உன் அப்பாவும் கை கால் ஒழுங்காக நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லையென்றால் கை ஓடாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ போனில் கேட்டபோது கம்ப்யூட்டர் தானாகக் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். கெடுத்தது நான்தான். உன் அப்பா மேல் பழியைப் போடலாம் என்று கூட ஒரு நிமிஷம் யோசித்தேன், அந்த மனிதருக்கு அதை ஆன் செய்யவே தெரியாது, நீ நம்ப மாட்டாய் என்று விட்டுவிட்டேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கத்துவாய், கடிதத்துக்குள் புகுந்து கத்த முடியாது, அதனால் ஓரமாக உட்கார்ந்து முழுவதும் படி.

அந்தப் பெட்டி ஒரு வாரமாக இடமில்லை இடமில்லை என்று மூலையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. தையல் அறையில் இடமில்லை என்றால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், ஒரு வருஷமாக யார் கையும் படாத துணி எதுவானாலும் வெளியே. ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் தேதி போட்டிருக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீதான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு ஃபோல்டர் முழுக்க நாலு வருஷம் ஐந்து வருஷமாக யாரும் தொடாதவை, பெயரோ யாரோ தும்மின மாதிரி. நீ போட்டுவிட்டு மறந்த குப்பை என்று நினைத்தேன், உன் அலமாரி இருந்த லட்சணம் எனக்குத் தெரியாதா. நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டாலே எனக்குப் பிடிக்காது, ஆமாம் ஆமாம் என்று அழுத்தினேன். சிலது போக மாட்டேன் என்று அடம்பிடித்தது, போனால் போகட்டும் என்று அதை மட்டும் விட்டேன். போனது முப்பது நாற்பது இருக்கும். குப்பைக்கூடையையும் காலி செய்துவிட்டு, நல்ல வேலை பார்த்த திருப்தியோடு டீ குடித்தேன்.

மறுநாள் காலையில் அளவுப் பட்டியலைத் திறந்தால் திறக்கவில்லை. நீ எனக்காகத் தமிழில் மாற்றி வைத்துவிட்டுப் போனாயே, அந்தத் தமிழில் மரியாதையாகச் சொல்கிறது, தேவையான ஒரு ஃபைலைக் காணவில்லை, அதனால் இதைத் தொடங்க முடியாது என்று. அணைத்துப் போட்டேன், அதையே சொன்னது. அந்தப் பட்டியலில் என்ன இருந்தது தெரியுமா, ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு யூனிஃபார்ம் ஆர்டர், நூற்று இருபத்தாறு பேரின் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். ஆறு நாள் ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே நாடாவோடு நின்று, வேலைக்கு நடுவில் ஓடி வந்தவர்களைப் பிடித்துப் பிடித்து எடுத்த அளவு. தலைமை நர்ஸ் அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார், இன்னொரு தடவை என் ஆட்களை வரிசையில் நிறுத்த முடியாது, மாதக் கடைசிக்குள் வரவில்லையென்றால் ஆர்டர் ஃபேக்டரிக்குப் போய்விடும் என்று. என்னோடு தைக்கிற இரண்டு பேரும் இந்த ஆர்டரை நம்பித்தான் வேறு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். நோட்டு எங்கே என்று கேட்பாய். கம்ப்யூட்டரில் ஏற்றின பிறகு நோட்டு எதற்கு என்று அதைக் கிழித்துக் காலர் வெட்டக் காகிதமாக்கிவிட்டேன். நல்ல தடிமனான காகிதம்.

நீ என்ன சொன்னாய், தொடாதே அம்மா, மூடி வை, மூன்று மாதத்தில் லீவில் வந்து பார்க்கிறேன் என்றாய். மூன்று மாதத்தில் அந்த நர்ஸுகள் எதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள் என்று நீ சொல்லவில்லை. சரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூலைக் கடை ரிப்பேர்காரரிடம் போனேன். அவர் திரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், உள்ளே இருப்பது தப்பித்தால் உங்கள் அதிர்ஷ்டம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்களுக்கு எதுக்குக்கா இதெல்லாம், பேசாம நோட்லயே எழுதி வெச்சுக்கலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் தம்பி, உன் பேன்ட் பின்பக்கம் தையல் விட்டிருக்கு, அதுக்காக மொத்த பேன்ட்டையும் கொளுத்துன்னு நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் பிரிந்த தையலைக் கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் போடத் தெரிந்தவள்.

போனை எடுத்து, ஃபைலைக் காணோம் என்கிறது என்ன செய்வது என்று வாயாலேயே கேட்டேன், ஒரு ஆள் வீடியோவில் வந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு நண்பர்களே. பதினொரு தடவை பார்த்ததில் இப்போது எனக்கு நெருங்கின சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். உன் அப்பா இதற்குள் இன்னொரு இடத்தில், காணாமல் போன ஃபைல் இங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று ஒன்றைக் கண்டுபிடித்து, இதை எடுத்துப் போட்டா முடிஞ்சுது, எதுக்கு இவ்வளவு பாடு என்றார். நண்பர்களே ஆள் அதைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். தெருவில் கிடக்கிற ஊசியை எடுத்து யாராவது குழந்தைச் சட்டையில் குத்துவார்களா என்று கேட்டேன், அப்பா போனைக் கீழே வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டருக்குள்ளேயே காணாமல் போனதற்கு இன்னொரு பிரதி இருக்கிறதாம், அதைத் தேடி எடுத்துத் தன் இடத்தில் வை என்று ஒரு கறுப்புக் கட்டத்தில் எழுதிச் சொன்னால் போதுமாம். ஆனால் அதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். யாராவது போன் செய்தால் வீடியோ போய்விடுகிறது என்று, வெட்டின கோட்டுத் துணியில் மிச்சமிருந்த ஒரு வெள்ளைத் துண்டில் பால்பாயிண்ட் பேனாவால் அந்த எழுத்துகளைப் பூவேலைக்கு மாதிரி எடுக்கிற மாதிரி அப்படியே வரைந்துகொண்டேன். ஒரு பாம்பு, ஒரு கைத்தடி, ஒரு பிறை, பிறகு சாய்ந்த கோடு, அதற்குப் பிறகும் ஒரு வரிசை. அடித்து முடித்தால், இதைச் செய்ய நிர்வாகியாக வர வேண்டும் என்கிறது. எப்படி இருக்கிறது பார், என் வீடு, என் மேசை, மேலே போர்த்தியிருக்கிற உறைகூட நான் தைத்தது, என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறது. திரும்பவும் வீடியோ பார்த்து, அந்தக் கட்டத்தை வலது பக்கம் அழுத்தி நிர்வாகியாகத் திற என்பதைக் கொடுத்து, நிர்வாகியாகவே உள்ளே போனேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை என்றது. துணியையும் திரையையும் பத்து நிமிஷம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறைக்கும் சாய்ந்த கோட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும், நான் ஒட்டிவிட்டேன். தையலுக்கு அரை அங்குலம் விடாமல் வெட்டினால் எந்தச் சட்டைதான் சேரும், இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இடைவெளி விட்டதும் சதவீதம் ஓட ஆரம்பித்தது. நாற்பத்து மூன்றில் போய் உட்கார்ந்துகொண்டது, நகரவே இல்லை. அந்த நேரம் பார்த்து உன் அப்பா டிரைவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு, மதியம் இரண்டு மணி பஸ்ஸை எடுக்கணும், இஸ்திரிப் பெட்டி சொருகணும், அந்த வயரைக் கொஞ்சம் எடு என்று வந்தார். பிளக்குக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சுருங்கின சட்டையோடு போனால் பஸ் ஓடாதா என்று கேட்டேன். ஓடியது. நூறுக்கு வந்த பிறகு, சிலதைச் சரிசெய்தேன், சிலதை முடியவில்லை என்று எழுதிக் காட்டியது. அதற்கும் நண்பர்களே ஆள் வழி சொல்லியிருந்தார், முதலில் அந்தப் பிரதி வைத்திருக்கிற இடத்தையே பழுது பார்க்கச் சொல்லி ஒரு நீளக் கட்டளை, அது முடிந்ததும் பழைய கட்டளையை மறுபடி. அந்த நீளக் கட்டளையை நாலு தடவை தப்பாக அடித்தேன், ஐந்தாம் தடவை அது வாயை மூடிக்கொண்டு வேலை செய்தது. அணைத்துப் போட்டேன். அளவுப் பட்டியலை அழுத்தினேன். திறந்தது. ஒரு அளவுகூட மாறவில்லை. தைக்கிறவர்கள் இரண்டு பேரும் கைதட்டினார்கள், நான் ஒன்றுமே நடக்காதது மாதிரி கத்தரியை எடுத்துக்கொண்டேன்.

நம்ப மாட்டாய் என்றுதான் பட்டியலின் முதல் பக்கத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன், அதில் ஏழாவது ஆளின் இடுப்பளவைப் பார்த்துவிட்டு, நீயும் அப்படி இளைத்துப்போய்விட்டாயா என்று தெரிய உன் அளவையும் எழுதி அனுப்பு. முழுப் பட்டியலைப் புது நோட்டில் ஒரு தடவை, நீ விட்டுப்போன விரல் நீளப் பென்டிரைவில் ஒரு தடவை என்று எடுத்து வைத்துவிட்டேன், அந்த நோட்டை யாரும் கிழிக்க முடியாது, நானும் உள்பட. முதல் இருபது கோட்டு நேற்று கொடுத்தாகிவிட்டது, மீதி மாதக் கடைசிக்குள் போய்விடும், ஃபேக்டரிக்காரன் வேறு இடம் பார்க்கட்டும். ரிப்பேர்காரர் பேன்ட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அந்த இடத்தை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

நீ நல்லா இருப்பாய், எடுத்த காரியம் எல்லாம் உன் கைக்கு வசப்படும், பெற்றவள் வாயால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே. லீவில் வரும்போது அந்தக் கம்ப்யூட்டரை என்னைக் கேட்காமல் தொடாதே.

இப்படிக்கு,
நிர்வாகியாகிய உன் அம்மா

பின்குறிப்பு: கட்டளை எழுதின அந்த வெள்ளைத் துணியைக் காணவில்லை. தேடினதில், தைக்கிறவர்களில் ஒருத்தி அதை உள்பைக்கு எடுத்துத் தைத்துவிட்டாள் என்று தெரிந்தது. கோட்டு தலைமை நர்ஸ் அம்மாவுடையது. நேற்று போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருக்கிறது என்றார்.