எஸ்தர் பெயர் இருந்த வரி

என் எஸ்தர்க் குட்டிக்கு,

பாளையம்பட்டியில் இருந்து அக்கா எழுதுகிறேன். இந்த வருஷமும் மழை பேருக்குத்தான் பெய்தது. அப்பா விதைத்த உளுந்தில் பாதி கருகிவிட்டது, மீதி எப்படியோ நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை. உன் அறையை நாங்கள் பூட்டவில்லை. ஆனால் யாரும் உள்ளே போய் அதிக நேரம் இருப்பதும் இல்லை.

நீ எழுதிய கம்ப்யூட்டர் நிரல், நீ பேக்கேஜ் என்பாயே, அதைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நான் திருச்சுழியில் தாலுகா ஆபீஸ் எதிரே மனு டைப் செய்து கொடுக்கிறவள். பழைய டைப்ரைட்டிங் மெஷினில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவள். அந்த மெஷினில் 'மெ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு 'ம'. கம்ப்யூட்டருக்கோ 'ம' முதலில் வேண்டும், கொம்பு அப்புறம். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஒரு மனுவை முடிக்க முடியாமல் உனக்குப் போன் போட்டு அழுதேன். மதுரையில் வேலை முடித்து நேராகக் கடைக்கே வந்துவிட்டாய்.

"ஒன் வெரலு மாற வேணாம்க்கா. கம்ப்யூட்டரு மாறட்டும்" என்றாய்.

மாற்றியும் காட்டினாய். நான் அடித்த கொம்பு காத்திருந்து, அடுத்து வரும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி ஒரு சின்ன நிரல் எழுதினாய். அதை எனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. லினக்ஸ் என்கிற இயங்குதளம் வைத்திருக்கிற யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் கொடுத்தாய். அந்தப் பேக்கேஜில் பராமரிப்பாளர் என்ற வரியில் உன் பெயரும் முகவரியும் போன் நம்பரும் இருந்தன.

அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறை இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரும்போதும் அடியில் ஏதாவது மாறும். அதற்கேற்ப உன்னுடையதையும் மாற்றி, சோதித்து, மறுபடி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது. "எழுதுறது ஒரு நாளு வேலைக்கா. கூடவே இருந்து பாக்குறதுதான் வேலையே" என்பாய்.

மதுரை ஆஸ்பத்திரி வார்டிலும் அதைத்தான் செய்தாய். முடி கொட்டிய தலையில் அம்மாவின் துண்டு. ஒரு கையில் டிரிப்ஸ். மடியில் லேப்டாப்.

"இத இப்ப யாருடி கேட்டா? படு."

"யாரோ கேட்டிருக்காகக்கா. பாவம், கையக் கட்டிப்போட்ட மாதிரி உக்காந்திருப்பாக."

அந்த யாரோ யார் என்று அன்று நான் கேட்கவில்லை. இப்போது தெரியும். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நீ போன பிறகு ஒரு நாள், கடைக் கம்ப்யூட்டர் புதிய பதிப்பு தயார் என்று காட்டியது. நீ இருந்தவரை இந்த வேலை உன்னுடையது. நானே பட்டனை அழுத்தினேன். மறுபடி திறந்து டைப் செய்தால் கொம்பு எந்த எழுத்தோடும் ஒட்டவில்லை. புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றது. வெளியே ஆள்கள் மனுவோடு காத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அடக்கம் முடிந்த அன்றுகூட அப்படி அழவில்லை, எஸ்தர். உன் கை இல்லை என்பது அன்றைக்குத்தான் என் கைக்குத் தெரிந்தது.

அந்த வாரமே உன் போன் அடித்தது. அதை இன்னும் சார்ஜ் போட்டு நானே வைத்திருக்கிறேன்.

"எஸ்தர் அக்காங்களா? நான் வீரசோழன்ல இருந்து யூசுப் பேசுறேன். டைப்பிங் கடை வச்சிருக்கேன். அப்டேட் பண்ணதுல இருந்து கொம்பு சேர மாட்டேங்குதுக்கா."

"நான் அவ அக்கா மெர்சி பேசுறேன் தம்பி. அவ இல்ல."

"அப்படிங்களா? எப்ப வருவாக?"

"திருச்சுழிக்கு வர முடியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் லேப்டாப்போடு வந்தார். நாற்பது வயதிருக்கும். அவரும் மனைவியும் சேர்ந்துதான் அந்தக் கடையை நடத்துகிறார்கள். இருவருமே மெஷினில் பழகியவர்கள். கடை மூடிக் கிடக்கிறது என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"போன கோடையில ஒரு கோளாறுன்னு எழுதிப் போட்டேன்க்கா. மறுநாளே சரி பண்ணி அனுப்பிட்டாக. லேட்டானதுக்கு மன்னிச்சுக்கங்கன்னு வேற எழுதிருந்தாக."

"அப்ப அவ ஆஸ்பத்திரில இருந்தா."

அவர் நிமிரவே இல்லை. "ஒரு வார்த்த சொல்லலையேக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வீரசோழன் எவ்வளவு தூரம் எஸ்தர்? ஒரே பஸ். உன் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருவர் என் கடையில் உட்கார்ந்து உனக்காக அழுதார்.

லினக்ஸை வெளியிடுகிறவர்கள் போட்டிருந்த ஓர் அறிவிப்பை அவர்தான் காட்டினார். பராமரிப்பாளரிடம் இருந்து பதில் இல்லை, பேக்கேஜ் அநாதை ஆகிவிட்டது, யாரும் பொறுப்பேற்காவிட்டால் அடுத்த பதிப்பில் நீக்கப்படும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அநாதை என்பது அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துகிற சொல்தானாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படித்துச் சொன்னேன்.

"அநாதையா?" என்றாள் அம்மா. "நாம இத்தன பேரு இருக்கோம்ல. அப்படி எழுதக் கூடாதுன்னு சொல்லு அவுககிட்ட."

அதனால்தான் நானே அதைச் சரிசெய்ய இறங்கினேன். எனக்கு நிரல் தெரியாது. பி.காம். படித்தவளுக்கு என்ன தெரியும்? யூசுப் இங்கே வருவார், இல்லையென்றால் நான் அங்கே போவேன். வெளிநாட்டில் இருக்கும் லினக்ஸ் தன்னார்வலர் ஒருவர் பொறுமையாக மின்னஞ்சலில் வழி சொன்னார். நீ எழுதிய கோப்புகளை வரிவரியாகப் படித்தோம். எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் அடிப்படை நிரல் புதிய பதிப்பில் வேறு விதமாகக் கேட்கிறது, உன்னுடையது பழைய விதமாகவே பதில் சொல்கிறது. கோளாறு அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று உடைந்தது. கடைசியில் ஒரு மத்தியானம் யூசுப் கொம்பை அடித்தார், 'ம'வை அடித்தார். ஒட்டிக்கொண்டது. சந்தோஷப்படுகிற இடத்தில் நீ இல்லையே.

அதற்கு அப்புறம் வந்ததுதான் தாங்க முடியாதது. அனுப்புவதற்கு முன் பராமரிப்பாளர் வரியில் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டுமாம். இரண்டு பெயரும் இருக்கட்டுமே என்று அந்தத் தன்னார்வலரிடம் கெஞ்சி எழுதினேன். அவர் அன்பாகத்தான் பதில் போட்டார். எழுதியவர் என்ற இடத்தில் எஸ்தர் பெயர் எப்போதும் இருக்கும், அதை யாரும் தொட முடியாது. ஆனால் இந்த வரி, கேட்டால் பதில் சொல்லக்கூடியவருக்கானது.

கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்! நியாயம்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு எப்படித் தூங்குவது?

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்து உன் மேஜை முன் உட்கார்ந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"பேர அழிக்கிறியா மெர்சி?"

"மாத்துறேம்மா. மாத்துனாத்தான் உள்ள விடுவாக."

"கல்லறையில நேத்துத்தான் பேரு வெட்டுனாக" என்றாள் அம்மா. அவளுக்கு எல்லாமே நேற்றுதான். பிறகு என் தோளில் கை வைத்தாள். "சரி. அழி. நான் இங்கனயே நிக்கிறேன்."

மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கியிருக்கலாம். மனம் வரவில்லை. கடைசி எழுத்தில் இருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். 'எ' மட்டும் மிச்சமிருந்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேக்கேஜ் நீக்கப்படவில்லை, எஸ்தர். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். யூசுப் கடை திறந்துவிட்டது. அவர் மனைவி போனில், "அக்கா, ஒழுங்கா சேருதுக்கா, இப்பத்தான் ஒரு கல்யாணப் பத்திரிக்க அடிச்சு முடிச்சேன்" என்றார். எனக்கும் வேலை ஓடுகிறது. எல்லோரும் நல்லது செய்தாய் என்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு ஏன் இப்படி வலிக்கிறது?

போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர் புதுக் கோளாறு ஒன்றை எழுதியிருந்தார். 'அன்புள்ள மெர்சி' என்று தொடங்கியது. உனக்கு வர வேண்டிய கடிதம். நீ இருந்த இடத்தில் இப்போது நான் இருக்கிறேன் என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. திரையை மூடிவிட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். வெயிலில் கருவேலங்காடு அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து அவருக்குப் பதில் எழுதினேன்.

அந்தக் கோளாறு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உன்னைக் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒரு வரியில் சொல்லிவிடுவாய். கேட்க முடியாது என்பது ஒவ்வொரு காலையும் புதிதாகத் தெரிகிறது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எவர் எழுதினாலும் அவரைக் காத்திருக்க விடமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியாவது அன்றைக்கே பதில் போடுவேன். எனக்கு முடியாமல் போகிற காலம் வந்தால், அதற்கு முன்பே இன்னொருவரைத் தேடி உட்கார வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். எங்களை நினைத்துக் கவலைப்படாதே, நீ தூங்கு.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த அக்கா,
மெர்சி